சிலிக்கோன் முகத்தின் மூப்பு

உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கி நிற்கும் கோபுரங்களில், பழைய பீங்கான் கிண்ணங்கள் இருந்த இடத்தில், சாம்பல் நிறமான ரப்பர்த் தட்டுகளை அடுக்கடுக்காகக் கோத்த தண்டுகள் தொங்குவதை இப்போது பல இடங்களில் காணலாம். அவை சிலிக்கோன் ரப்பரால் ஆனவை. வெயிலும் மழையும் கடற்காற்றும் ஓய்வின்றித் தாக்கியும் அவற்றுள் பல 20, 30 வருஷங்கள் வரை உழைக்கின்றன. அதே வஸ்துவை, வைத்தியத்துக்கென்று மேலும் சுத்தி செய்த தரத்தில் எடுத்து, ஒரு மனிதருக்கு மூக்காகவோ காதாகவோ வார்த்துக் கொடுத்தால், ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் நிறம் மாறி, விளிம்பு கிழிந்து, அதைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று செய்துகொள்ள வேண்டிய நிலைமை பெரும்பாலும் வந்துவிடுகிறது. மின்கோபுரத்தில் தீர்க்காயுளோடு விளங்கும் ஒரு பொருள் மனித முகத்துக்கு வந்ததும் அற்பாயுள் உடையதாக மாறுவானேன் என்பதுதான் இங்கே நாம் விசாரிக்க எடுத்துக்கொண்ட விஷயம்.

முகத்தில் ஒரு பாகத்தை இழந்தவர்கள் நாம் நினைப்பதைக் காட்டிலும் அதிகம். மூக்கின் சருமத்திலோ கண்குழியிலோ தோன்றிய புற்றுநோயை வெட்டி அகற்றியவர்கள், தீயிலும் விபத்திலும் சிக்கியவர்கள், செவிமடல் வளராமலே பிறந்த குழந்தைகள் என்று அவர்களில் பல வகையினர் உண்டு. 2021இல் கொரோனாவின் இரண்டாம் அலையைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை நோய் நம் தேசத்தில் 40,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றியபோது, உயிரைக் காப்பாற்றுவதற்காகக் கண்ணையும் அதைச் சூழ்ந்த சதையையும் எடுத்துவிட நேர்ந்த துயரம் இன்னும் மறக்கத்தக்கதாகவில்லை. சொந்தச் சதையைக் கொண்டே மூக்கைத் திருப்பி அமைக்கும் சஸ்திர சிகிச்சை சுசுருதர் காலம் முதல் நாம் அறிந்ததே; என்றாலும், செவிமடலின் நுட்பமான மடிப்புகளையும், இமையும் ரோமமும் கூடிய கண்ணின் சுற்றுப்புறத்தையும் சதையால் அமைப்பது மிக அரிது. தவிரவும், புற்றுநோய் மீண்டும் தலைகாட்டுகிறதா என்று அந்தக் குழியை மாதாமாதம் திறந்து பார்க்க விரும்பும் வைத்தியருக்கு, வேண்டும்போது கழற்றக்கூடிய செயற்கை உறுப்பே சௌகரியமாக இருக்கிறது.

அந்தச் செயற்கை உறுப்பை எதனால் செய்வது என்ற கேள்விக்கு ஒவ்வொரு காலமும் தன் கையில் அகப்பட்டதைக் கொண்டு விடை சொல்லியிருக்கிறது. வானசாஸ்திரி டைக்கோ பிராஹே 1566இல் ஒரு வாட்போரில் மூக்கின் ஒரு பகுதியை இழந்து உலோக மூக்கு அணிந்தவர். அது பொன் என்றும் வெள்ளி என்றும் பல காலமாகச் சொல்லிவந்தார்கள். 2010இல் அவருடைய சமாதியைத் திறந்து எலும்பைச் சோதித்ததில் செம்பும் துத்தநாகமும் காணப்பட்டு, அது பித்தளை என்று தெளிவாயிற்று. பிரெஞ்சு சஸ்திர வைத்தியர் ஆம்ப்ருவாஸ் பாரே அதே நூற்றாண்டில் பொன், வெள்ளி, காகிதக்கூழ் ஆகியவற்றால் ஆன மூக்குகளை நூலால் கட்டிக்கொள்ளும் முறையை விவரித்திருக்கிறார். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக லண்டனில் பிரான்சிஸ் டெர்வெண்ட் உட் என்பவரும், 1917இன் இறுதியில் பாரிஸில் அன்னா கோல்மன் லேட் என்ற அமெரிக்க அம்மையாரும், சிற்பிகளாகிய தங்கள் திறமையனைத்தையும் செலவிட்டு, மிக மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடிகள் செய்து, அணிபவரின் சரும நிறத்துக்கு இசைய எனாமல் பூசிக் கொடுத்தார்கள். அன்று அந்த மனிதர்களுக்கு அவை எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தாலும், செம்பு அசையாது, எனாமல் பெயரும், அணிந்தவருக்கு வயது ஏறும்போது முகமூடிக்கு ஏறாது. ஜெலட்டின் - கிளிசரின் கலவை சருமத்தைப் போலவே மென்மையாக இருந்து சில நாட்களுக்குள் உருக்குலைந்தது. அக்ரிலிக் உறுதியாக இருந்து மரக்கட்டைபோல் விறைத்தது. வினைல் பிளாஸ்டிக்கோ, தன்னை இளக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் மெல்ல மெல்ல வெளியேறிப் போக, விளிம்பிலிருந்து இறுகிக்கொண்டே வந்தது. 1960இல் ஜார்ஜ் பார்ன்ஹார்ட் என்பவர் சிலிக்கோன் ரப்பரை முகத்துக்குப் பிரயோகித்துக் காட்டிய பிறகு, வேறு எதுவும் அதன் ஸ்தானத்தைப் பிடிக்கவில்லை.

சிலிக்கோன் பிறந்த விதமும் சற்று விநோதமானது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்து ரசாயனப் பேராசிரியர் பிரெடரிக் ஸ்டான்லி கிப்பிங், 1899 முதல் ஏறக்குறைய 40 வருஷ காலம், மணலுக்கு மூலதாதுவாகிய சிலிக்கானைக் கரிமப் பொருள்களோடு இணைத்து ஆராய்ந்தவர். அவருடைய சோதனைக் குடுவைகளில் அழகிய படிகங்களுக்குப் பதிலாக அடிக்கடி பிசினும் கோந்துமே மிஞ்சின. அவற்றை ஒரு தொல்லையாகவே அவர் கருதினார். 1937இல் அச்சான சொற்பொழிவொன்றில் இத்துறையிலிருந்து முக்கியமான பலன் ஏதும் சமீபத்தில் கிட்டும் என்று தமக்குத் தோன்றவில்லை என்ற கருத்தையே வெளியிட்டார். மூன்றே வருஷத்தில், 1940இல், அமெரிக்காவில் யூஜீன் ரோக்கோ அந்தப் பிசினுக்கு வேண்டிய மூலப்பொருளைப் பெருமளவில் உண்டாக்கும் வழியைக் கண்டார். 1943இல் டவ் கார்னிங் கம்பெனி தோன்றியது. விமானங்களின் மின்பொறிச் சாதனங்களை ஈரத்திலிருந்து காக்கும் பசையாகச் சிலிக்கோன் யுத்தத்துக்குப் போயிற்று. கிப்பிங் தொல்லையென்று ஒதுக்கிய பிசின்தான் இன்று மனிதர்களின் காதாகவும் மூக்காகவும் இருக்கிறது.

அதன் அமைப்பைச் சிறிது கவனிக்க வேண்டும். சாதாரண ரப்பரின் முதுகெலும்பு கரி அணுக்களின் தொடர். சிலிக்கோனின் முதுகெலும்போ சிலிக்கானும் பிராணவாயுவும் மாறி மாறி வரும் தொடர். ஒவ்வொரு சிலிக்கானுக்கும் இரு புறத்திலும் மீதைல் என்ற சிறு கூட்டம் தொங்கும். கரியும் கரியும் பிணைந்திருக்கும் கட்டை அறுப்பதற்கு மோல் ஒன்றுக்குச் சுமார் 350 கிலோ ஜூல் சக்தி போதுமென்றால், சிலிக்கான் - பிராணவாயுக் கட்டை அறுக்கச் சுமார் 450 கிலோ ஜூல் வேண்டும். இத்தனை பலமிருந்தும் அந்தத் தொடர் விறைத்து நிற்பதில்லை; அதன் மூட்டுகள் மிக எளிதாக வளைந்து திரும்புகின்றன; நீர் உறையும் நிலைக்கு 120 பாகைக்கும் கீழே சென்ற பின்புதான் அது கண்ணாடிபோல் இறுகும். பலமும் இளக்கமும் ஒரே வஸ்துவில் சேர்ந்திருப்பது அபூர்வம். உடம்பின் சூட்டிலும் மார்கழிக் குளிரிலும் ஒரே மென்மையோடு முகத்தில் ஒட்டியிருப்பதற்கு இந்தச் சேர்க்கையே ஆதாரம்.

ஆனால் இவ்வளவு குணங்களும் வாய்ந்த சுத்தமான சிலிக்கோனால் யாருக்கும் ஒரு மூக்குச் செய்துவிட முடியாது. சுத்த சிலிக்கோன் தேன்போல் வழியும் ஒரு திரவம். அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து ரப்பராக்கினாலும், விரலால் கிள்ளினால் பிய்ந்து வரும் அளவுக்கு அது நலிந்தது. ஆகவே முதன்முதல் அதில் சேர்ப்பது சிலிக்காத் தூள். சிலிக்கான் டெட்ராகுளோரைடைச் சுவாலையில் எரித்துப் பெறும் இந்தத் தூள் புகையைப்போல் நுண்ணியது. ஒரு கிராம் தூளின் துகள்களுடைய புறப்பரப்பையெல்லாம் கூட்டினால் 200 சதுர மீட்டர் அளவுக்கு வரும். அவ்வளவு பரப்பிலும் சிலிக்கோன் இழைகள் பற்றிக்கொள்வதால், ரப்பரின் பலம் பத்து மடங்குக்குமேல் உயர்கிறது. அளவுக்கு மீறினால் கலவை கெட்டியாகி அச்சின் நுண்ணிய சுருக்கங்களுக்குள் புகாது, ரப்பரும் கடினமாகிவிடும். ஷோர் ஏ என்ற அளவுகோலில் 25 முதல் 35 வரை உள்ள மென்மையே முகத்துக்கு ஏற்றதென்று இத்துறையினர் கொண்டிருக்கிறார்கள்.

இழைகளைப் பிணைக்கும் காரியத்தை இக்காலத்தில் பெரும்பாலும் பிளாட்டினம் செய்கிறது. பத்து லட்சத்தில் ஒரு சில பங்கு பிளாட்டினம் இருந்தாலே போதும். இரு பாகங்களாக வரும் திரவத்தைக் கலந்து வைத்த சில மணி நேரத்தில், உஷ்ணப்படுத்தினால் இன்னும் விரைவில், அது ரப்பராக இறுகிவிடும். இந்த பிளாட்டினத்துக்குக் கந்தகம் பரம விரோதி. அச்சு செய்யப் பயன்பட்ட களிமண்ணில் கந்தகம் இருந்தாலும், கலப்பவர் சாதாரண லேடக்ஸ் கையுறை அணிந்து தொட்டாலும், அந்த இடம் மட்டும் இறுகாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். இதைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பிணைப்பு வேலை அச்சைத் திறந்த அன்றோடு முற்றுப்பெறுவதில்லை. ஈடுபடாமல் மிஞ்சிய ரசாயனக் கைகள் ரப்பருக்குள் சிறிதளவு எப்போதும் இருக்கும். அவை மாதக்கணக்கில் ஒன்றையொன்று தேடிப் பிணைந்துகொண்டே போக, ரப்பர் சிறுகச் சிறுக இறுகும். சிலிக்கோனின் மூப்பு அது பிறந்த தினத்திலேயே ஆரம்பமாகிவிடுகிறதென்று சொன்னால் மிகையாகாது.

கன்னத்தின் மென்மை வேண்டுமென்பதற்காகச் சிலர் பிணைப்பில் சேராத சிலிக்கோன் எண்ணெயையும் கலப்பதுண்டு. கை வைத்துப் பார்த்தால் மெய்யான சதையைத் தொடுவதுபோலவே இருக்கும். பிணைப்பில் சேராதது எதுவும் நிலையாக உள்ளே இருக்காது. ஜாடியில் வைத்த ஊறுகாயில் எண்ணெய் பிரிந்து மேலே வருவதைப்போல, இதுவும் நாளடைவில் மேற்பரப்புக்குக் கசிகிறது. முகத்தில் ஒட்டும் பசை பிடிப்பதில்லை, தூசி படிகிறது, எண்ணெய் போன இடம் சுருங்கிக் கடினமாகிறது. வினைல் பிளாஸ்டிக்குக்கு நேர்ந்த கதி வேறு உருவத்தில் இங்கேயும் திரும்பி வருகிறது.

இனி நிறத்துக்கு வருவோம். இத்துறையில் மிகக் கடினமான பகுதி இதுதான். மனிதச் சருமத்துக்கு ஒரு நிறம் என்று கிடையாது. மேற்புறத்தில் மெலனின் என்ற பழுப்பு, அதற்குக் கீழே ரத்தத்தின் செம்மை, அதற்கும் கீழே கொழுப்பின் மஞ்சள் என்று பல அடுக்குகளுக்குள் வெளிச்சம் புகுந்து சிதறித் திரும்புகிறது. நாம் காண்பது அந்த அடுக்குகளின் கூட்டு விளைவு. ஆகவே கைதேர்ந்தவர்கள் சிலிக்கோனையும் ஒரே கலவையாக வார்ப்பதில்லை. காதின் ஓரத்துக்கு ஒன்று, மடலின் குழிக்கு ஒன்று, மூக்கின் நுனிக்கு ஒன்று என்று பல நிறங்களைத் தயாரித்து, அச்சினுள் அடுக்கடுக்காகப் பூசி, ரத்தக் குழாய்களின் சாயலுக்காக ரேயான் நூலைப் பொடியாக நறுக்கிய சிவப்புத் துகள்களைத் தூவுகிறார்கள். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியாமலிருப்பதற்கு டைட்டேனியம் டை ஆக்சைடையோ, துத்தநாக ஆக்சைடையோ, கயோலின் என்ற வெண்களிமண்ணையோ சிறிது சேர்க்கிறார்கள். வார்த்து எடுத்தபின், நோயாளியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மேற்பூச்சாக மச்சமும் நரம்பும் தீட்டுவது கடைசி வேலை. இவ்வளவும் செய்து முடித்தபின், வைத்தியசாலையின் விளக்கில் முகத்தோடு முற்றும் இசைந்திருந்த மூக்கு தெருவின் வெயிலில் வேறு நிறமாகத் தெரிவதும் உண்டு. ரத்தமும் மெலனினும் ஒளியை உறிஞ்சும் விதம் வேறு, நாம் சேர்த்த நிறப்பொடிகள் உறிஞ்சும் விதம் வேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒத்திருப்பதால் எல்லா விளக்கின் கீழும் ஒத்திருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

நிறப்பொடிகளின் ஆயுளிலோ பெரும் வித்தியாசம் இருக்கிறது. காவி மண்ணின் சிவப்பும் மஞ்சள் காவியும் இரும்பு ஆக்சைடுகள். குகைச் சித்திரங்களில் பல்லாயிர வருஷங்களாக மங்காமல் இருப்பவை. சிலிக்கோனிலும் அவை நம்பிக்கைக்குப் பாத்திரமானவை. ஆனால் உதட்டின் செம்மைக்கும் மூக்கு நுனியின் இளஞ்சிவப்புக்கும் இரும்பின் சிவப்பு மட்டும் போதுவதில்லை. அது மங்கிய சிவப்பு. ரத்தத்தின் துடிப்பைக் காட்டும் பளிச்சென்ற சிவப்புக்குக் கரிமச் சாயங்களை நாடவேண்டியிருக்கிறது. அவற்றில் பல வெயிலுக்கு ஈடுகொடுக்காதவை. முகத்துக்கு ஜீவகளை தரும் நிறமே முதலில் விடைபெற்றுக்கொள்வதால், பழைய செயற்கை மூக்குகள் பொதுவாக வெளிறியோ மஞ்சளடித்தோ காணப்படுகின்றன.

வெயில் எப்படி இதைச் செய்கிறது என்பதைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். நம் முதற் கேள்விக்கு விடை இங்கேதான் கிடைக்கிறது. பூமியை வந்தடையும் புற ஊதாக் கிரணங்களில் மிகக் குறுகியவை சுமார் 290 நானோ மீட்டர் அலைநீளம் உள்ளவை. அதற்குக் குறைந்தவற்றை ஆகாயத்தின் ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. 300 நானோ மீட்டர்க் கிரணத்தின் சக்தி மோல் கணக்கில் ஏறத்தாழ 400 கிலோ ஜூல். சிலிக்கான் - பிராணவாயுக் கட்டை அறுக்க அது போதாது. பக்கத்தில் தொங்கும் மீதைல் கூட்டத்தைப் பெயர்க்க அது போதும். ஆனால் பெயர்ப்பதற்கு முன் அந்தக் கிரணத்தை ஏதாவது ஒன்று உறிஞ்சியாக வேண்டும். சுத்தமான சிலிக்கோன் அந்த அலைநீளத்தில் கிரணத்தை உறிஞ்சுவதே இல்லை. அதை வெறுமனே தன் வழியே போகவிடுகிறது. உறிஞ்சுபவை யாவும் நாம் சேர்த்தவையே: சாயங்கள், வெண்பொடிகள், பிணைப்புக்காக இட்ட பொருள்களின் மிச்சங்கள். அவை வாங்கிய சக்தியை அண்டையிலுள்ள இழைகளின் மீது செலுத்துகின்றன. மீதைல் கூட்டங்கள் பெயர்ந்த இடங்களில் இழைகள் புதிதாக ஒன்றோடொன்று பிணைகின்றன. மென்மை குறைகிறது, இழுத்தால் நீளும் சக்தி குறைகிறது. மின்கோபுரத்துச் சிலிக்கோன் சாம்பல் நிறமானது, தடித்தது, யாரும் அதை இழுப்பதில்லை, அதன் நிறம் ஒரு சாயை மாறினால் கவலைப்படுவாரும் இல்லை. முகத்துச் சிலிக்கோனுக்கு இவற்றில் ஒரு சலுகைகூடக் கிடையாது. மனிதச் சாயல் வரவேண்டும் என்பதற்காக அதில் எதையெல்லாம் சேர்த்தோமோ, அவற்றின் மூலமாகவே மூப்பும் அதனுள் பிரவேசித்திருக்கிறது.

வெயிலோடு தொல்லை முடிவதில்லை. சிலிக்கோன் தண்ணீரை ஒட்டவிடாது. எண்ணெயையோ ஆர்வத்தோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். மனித முகத்தில் சுரக்கும் சீபம் என்ற எண்ணெய்ப் பசை, மூக்கின் இரு பக்கங்களிலும் மற்ற இடங்களைவிட மிகுதியாகச் சுரப்பது. செயற்கை உறுப்பின் உட்புறம் நாள் முழுவதும் அதில் தோய்ந்திருக்கிறது. அமிலத் தன்மையுள்ள வியர்வை, புகைபிடிப்பவரின் புகை, பெண்கள் பூசும் முகப்பவுடர் எல்லாம் சேர்ந்து நிறத்தைக் கெடுக்கின்றன. ஈரமான குழியை ஒட்டியிருக்கும் பக்கத்தில் காண்டிடா என்ற பூஞ்சை குடியேறிப் புள்ளி புள்ளியாகக் கறை உண்டாக்குகிறது. அதைப் போக்குவதற்காகச் சலவை மருந்தில் ஊறவைத்தால் பூஞ்சையோடு சாயமும் வெளுக்கிறது. மென்மையான சோப்பும் தண்ணீரும் போதுமென்று வைத்தியர் சொல்வது இதனால்தான். எல்லாவற்றிலும் மேலாக விளிம்பு இருக்கிறது. செயற்கை மூக்கு எங்கே முடிந்து கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமலிருக்க வேண்டுமானால், அதன் ஓரம் மில்லி மீட்டரில் சில பங்கு மட்டுமே தடிப்புள்ளதாகச் சீவிச் செல்ல வேண்டும். அந்த மெல்லிய ஓரத்தைத்தான் தினந்தோறும் காலையில் பசை தடவி ஒட்டுகிறோம். தினந்தோறும் இரவில் பிய்த்து எடுக்கிறோம்.

சேர்த்த பொருள்களால் வந்த கேட்டை வேறு சில பொருள்களைச் சேர்த்தே தடுக்கலாம் என்று விஞ்ஞானிகள் முயன்றுவருவது இயல்புதான். புற ஊதாக் கிரணத்தைத் தானே வாங்கி உஷ்ணமாக வெளியிட்டுவிடும் கரிமப் பொருள்களையும், கிரணத்தால் உண்டாகும் தறிகெட்ட ரசாயனத் துணுக்குகளைப் பிடித்து அடக்கும் அமீன் வகைப் பொருள்களையும், கார்களின் வர்ணப் பூச்சிலிருந்து இரவல் வாங்கிச் சிலிக்கோனில் இட்டுப் பார்த்தார்கள். சில நிறங்களுக்குப் பலன் தெரிந்தது. சிலவற்றுக்கு ஒன்றும் தெரியவில்லை. அமீன்களோ பிளாட்டினத்தின் வேலையைக் கெடுக்கக்கூடியவை என்பது வேறு சங்கடம்.

அதன்பின் கவனம் நானோ ஆக்சைடுகளின் பக்கம் திரும்பிற்று. டைட்டேனியம், துத்தநாகம், சீரியம் ஆகிய மூன்றின் ஆக்சைடுகளை மிக நுண்ணிய துகள்களாக்கி, முகத்துக்கான சிலிக்கோன் ஒன்றில் வெவ்வேறு அளவுகளில் கலந்து சோதித்து 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று, 2 முதல் 2.5 சதவிகிதம் வரையில் கிழிபடாத தன்மையும் இழுவலிமையும் மேம்பட்டதாகக் கூறிற்று. இத்தகைய துகள்களில் ஓர் இடர் உண்டு. நுண்மை மிகுந்த துகள்கள் ஒன்றையொன்று கவர்ந்து கட்டிகட்டியாகச் சேர்ந்துவிடும் சுபாவமுள்ளவை. அளவு கூடக்கூடக் கட்டிகள் பெருகி, ஒவ்வொரு கட்டியும் கிழிசலுக்குத் தொடக்கமாகிவிடும். டைட்டேனியம் டை ஆக்சைடின் விஷயத்தில் மற்றொரு எச்சரிக்கையும் தேவை. அது புற ஊதாக் கிரணத்தை உறிஞ்சுவது மெய். உறிஞ்சிய பிறகு தன் மேற்பரப்பில் ஈரத்தையும் காற்றையும் கொண்டு மிக உக்கிரமான ஆக்ஸிகரணப் பொருள்களை உண்டாக்குவதும் மெய். வெளிச் சுவர்களில் வெள்ளைப் பெயிண்ட் சில வருஷங்களில் சுண்ணாம்புபோல் கையில் ஒட்டிக்கொண்டு வருவது இதனால்தான். அனட்டேஸ் என்ற படிக வடிவில் இந்த உக்கிரம் அதிகம். ரூட்டைல் வடிவில் குறைவு. அதன்மேல் அலுமினா அல்லது சிலிக்காவால் மெல்லிய உறை போட்டால் இன்னும் குறையும். எந்த வடிவம், உறை உண்டா இல்லையா என்பதைச் சொல்லாமல், டைட்டேனியம் சேர்த்தோம், நல்ல பலன் என்று மட்டும் எழுதும் அறிக்கைகளை நாம் சந்தேகத்தோடுதான் வாசிக்க வேண்டும். சீரியம் ஆக்சைடு கிரணத்தை உறிஞ்சுவதில் சளைத்ததல்ல, இந்த உக்கிரமும் அதற்குக் குறைவு; ஆனால் அது இளமஞ்சள் நிறமுள்ளதாகையால், கலவையின் நிறத்தையே மறுபடி கணக்கிட வேண்டியிருக்கிறது. டைட்டேனியத்துக்கு மூலமான இல்மனைட்டும் ரூட்டைலும், சீரியத்துக்கு மூலமான மோனசைட்டும் சேர்ந்தே கிடைக்கும் கடற்கரை மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் உள்ளது என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் குறிப்பிடலாம்.

இந்தப் பொருள்களின் மூப்பை அளப்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் ஸீனான் விளக்கும் நீர்த்தெளிப்பும் உள்ள பெட்டிகளைப் பயன்படுத்துகிறார்கள். பல மாத வெயிலைச் சில நாட்களில் புகட்டிவிடலாம். வெளியில் வைத்துச் சோதிக்க விரும்புவோர்க்கு அமெரிக்காவில் புளோரிடாவின் புழுக்கமும் அரிசோனாவின் வறண்ட வெயிலும் நெடுங்காலமாக உரைகல்லாக இருந்துவருகின்றன. நிற மாற்றத்தைக் கண்ணால் மதிப்பிடாமல், வெளிச்சம், சிவப்பு - பச்சை, மஞ்சள் - நீலம் என்ற மூன்று அச்சுகளில் கருவியால் அளந்து, மாற்றத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். சருமநிறச் சிலிக்கோன் மாதிரிகளைப் பலருக்குக் காட்டி 2009இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியின்படி, வெளுத்த நிறத்தில் 1.1 அளவு மாறியதுமே பார்ப்பவர்களில் பாதிப்பேருக்குத் தெரிந்துவிடுகிறது. கரிய நிறத்தில் 1.6 வரை தெரிவதில்லை. சகிக்கக்கூடிய எல்லை வெளுத்த நிறத்துக்கு 3.0, கரிய நிறத்துக்கு 4.4. கரிய சருமத்துக்குச் செய்த உறுப்பு அதே அளவு மாறினாலும் சற்று அதிக காலம் ஏற்கத்தக்கதாக இருக்கும் என்பது நம்மவர்க்கு அனுகூலமான செய்திதான். ஆனால் நம் வெயில் அந்த அனுகூலத்தைப் பெரும்பாலும் திருப்பி எடுத்துக்கொண்டுவிடும்.

இந்தச் சோதனைகளிலெல்லாம் ஒரு குறை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பெட்டிக்குள் இருக்கும் ரப்பர்த் துண்டுக்கு வியர்க்காது. அதை யாரும் இரவில் பிய்த்தெடுப்பதில்லை. வெயிலும் சீபமும் சோப்பும் பசையும் ஒரே நாளில் ஒரே துண்டின்மேல் வந்து சேர்வதில்லை. துண்டுகளை இழுத்து அறுக்கும் சோதனைகள் பெருகியிருக்கும் அளவுக்கு, அணிந்தவர் எந்த மாதத்தில் எந்தக் காரணத்தால் அதைக் கழற்றி வைத்தார் என்று பின்தொடர்ந்து எழுதும் பதிவுகள் பெருகக் காணோம். இதற்கிடையில், ஒட்டும் பசையையே தவிர்ப்பதற்கு ஒரு வழி பிறந்தது. ஸ்வீடனில் பெர் இங்வார் பிரோனிமார்க் டைட்டேனியம் உலோகம் எலும்போடு ஒன்றாகச் சேருவதைக் கண்டு பல்லுக்குப் பயன்படுத்தியதைத் தொடர்ந்து, 1970களின் பிற்பகுதியில் அந்த முறை செவிப்புறத்து எலும்புக்கும் வந்தது. எலும்பில் பதித்த சிறு திருகாணிகளின் மேல் காந்தத்தாலோ கொக்கியாலோ காதைப் பொருத்திவிட்டால், விளிம்பில் பசை தடவிப் பிய்க்கும் வேலையே இல்லை.

பத்து வருஷம் நிறம் மாறாத சிலிக்கோன் ஒன்று நாளையே கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அணிபவரின் கன்னம் அந்தப் பத்து வருஷத்தில் சுருங்கும், சருமத்தின் நிறம் மாறும், சிகிச்சை செய்த குழியின் உருவமே வேறாகலாம். சித்திரை வெயிலில் கறுத்துக் கார்த்திகையில் தெளியும் முகத்துக்கு ஒரே நிற மூக்கு வருஷம் முழுவதும் பொருந்துவதுகூட இல்லை. கோடைக்கொன்று, குளிர்காலத்துக்கொன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளும் நோயாளிகள் மேனாடுகளில் உண்டு. ஆகையால் ஆயுளை நீட்டிக்கொண்டே போகும் முயற்சியைவிட, பழையது போனதும் அதே போன்ற இன்னொன்றை எளிதாகவும் மலிவாகவும் செய்துகொள்ளும் வசதியே நோயாளிக்கு அதிக உபகாரம் என்பது என் துணிபு. அதற்காக ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வார்த்துப் பெட்டியில் போட்டு வைத்தாலென்ன என்று கேட்கலாம். இருட்டில் வெறுமனே வைத்திருந்த மாதிரிகளும் காலப்போக்கில் சிறிது நிறம் மாறுகின்றன என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. சேமித்து வைக்க வேண்டியது மூக்கை அல்ல. முகத்தைக் கருவியால் அளந்து எடுத்த உருவத்தையும், அதிலிருந்து அச்சிட்ட வார்ப்பச்சையும், ஒவ்வொரு அடுக்குக்கும் எந்த நிறப்பொடி எத்தனை மில்லி கிராம் சேர்ந்தது, எந்தத் தயாரிப்புத் தொகுதிச் சிலிக்கோன், எந்த விளக்கின் கீழ் நிறம் பார்த்தது என்று எழுதிய குறிப்பையும் பத்திரப்படுத்தினால், பழையது வெளிறிய மாதத்திலேயே புதியது தயாராகிவிடும். கன்னம் சுருங்கியிருந்தால் அச்சைத் திருத்திக்கொள்ளலாம், நிறம் கறுத்திருந்தால் காவிப்பொடியின் எடையை இன்னும் சில மில்லி கிராம் கூட்டிக்கொள்ளலாம்.